சுங்கை ஆரா பக்கம் சாப்பாடு: மாடு வேண்டாம், ஹலால் வேண்டும், அம்மாவுக்குச் சைவம்

மலர்_பட்டாணி

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசுக்கு வேலை மாறி, சுங்கை ஆராவில் வாடகை வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கடை பிடித்துவிட்டேன். மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடைக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது மற்றவை: சீனச் சாப்பாடு, தாய்லாந்து, பர்மா, நேப்பாளம், ஜப்பான், கொரியா. இந்த வட்டாரத்தில் எல்லா ஊர் முகங்களும் தெரிகின்றன. எந்தக் கடைக்குள் நுழைவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. அம்மா செவ்வாயும் வெள்ளியும் சைவம், மற்ற நாளில் மீனும் கோழியும் சாப்பிடுவார். பக்கத்து வீட்டில் என்னோடு வேலை செய்யும் தோழி, தமிழ் முஸ்லிம், ஞாயிற்றுக்கிழமை எங்களோடுதான் சாப்பிட வருவாள். அவளுக்கு ஹலால் வேண்டும். தம்பி எதைக் கொடுத்தாலும் தின்பான், அவனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போன மாதம் கூகிளில் நாலரை நட்சத்திரம் வாங்கிய ஒரு மீ (நூடுல்ஸ்) கடைக்குப் போனோம். மாவைக் கையாலேயே இழுத்து மீ செய்கிறார்கள். வாசலில் ஹலால் முத்திரை இருந்ததால் தோழிக்கு நிம்மதி. அம்மாவுக்கு "இறைச்சி போடாமல் காய்கறி மட்டும்" என்று சொன்னேன். வெள்ளை முள்ளங்கி வில்லையும் கொத்தமல்லியுமாகப் பார்க்கவே அழகாக வந்தது. அம்மா இரண்டு வாய் குடித்தார், கரண்டியைக் கீழே வைத்தார். "இது என்னடி வாசம்?" விசாரித்தால், சூப்பே மாட்டெலும்பில் கொதித்ததாம். துண்டு மட்டும்தான் போடவில்லை. அம்மா கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினார்.

கடைக்காரர்மேல் தப்பில்லை, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. எங்கே போவது, எப்படிக் கேட்பது?


தீவுக்காரன்

தங்கச்சி, அது லான்சோ மீயாக இருக்கும். சீனாவில் கான்சு மாகாணத்து முஸ்லிம்கள் செய்வது. "ஒன்று தெளிவு, இரண்டு வெள்ளை, மூன்று சிவப்பு, நான்கு பச்சை, ஐந்து மஞ்சள்" என்று அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, மிளகாய் எண்ணெய், கொத்தமல்லி, மஞ்சள் மீ. அந்த முதல் "தெளிவு" மாட்டெலும்புச் சாறுதான். அதை எடுத்துவிட்டால் அந்த மீயே இல்லை. அங்கே போய் மாடு வேண்டாம் என்று சொல்வது, மோர்க்குழம்பில் மோர் வேண்டாம் என்பது மாதிரி.

இந்தத் தீவில் நான் பார்த்த வேடிக்கை என்னவென்றால், ஹலால் முத்திரை தொங்கும் இடத்தில்தான் நமக்கு மாட்டுப் பயம் அதிகம். பன்றி தொங்கும் சீனர் கடையில் அந்தப் பயம் குறைவு. குவான் யின் சாமியைக் கும்பிடுகிற சீனர்கள் பலர் மாட்டைத் தொடுவதில்லை, ஒட்டுக்கடைக்காரர்களிலும் அப்படி நிறையப் பேர். பினாங்கு சார் குவே தியாவ், ஹொக்கியன் மீ, குவே தியாவ் தெங் என்ற மீ வகைகள் எதிலும் மாடு வராது. பன்றி வரும், பன்றிக்கொழுப்பு வரும், சிப்பி வரும். ஆக உங்கள் மூன்று பேருக்கும் ஒரே கடை என்று தேடினால் கிடைப்பது கஷ்டம். யாரோடு எங்கே என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது இறைச்சியைக் கேட்காதீர்கள், சூப்பைக் கேளுங்கள். "சூப் எதில் கொதிக்கிறது, சம்பலில் என்ன இருக்கிறது, எந்த எண்ணெய்?" இந்த மூன்றும் போதும். மேலே போடுவதை விலக்கச் சொன்னால் யாரும் விலக்கிவிடுவார்கள். அடியில் இருப்பதை யார் விலக்க முடியும்?

அப்புறம் நட்சத்திரத்தை விடுங்கள். 1972-இல் இங்கே தடையற்ற வணிக வட்டாரம் வந்ததிலிருந்து இது ஷிஃப்ட் ஊர். பாதிப் பேருக்கு ஏழு மணிக்கு ஏழு மணி வேலை. காலை ஏழரைக்கும் இரவு ஏழரைக்கும் எந்தக் கடையில் தொழிற்சாலைச் சட்டை போட்டவர்கள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார்களோ, அங்கே உட்காருங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன் மோசமான சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டான்.


சாம்பல்_பூனை

எதற்கு இந்தப் பாடு? பாலத்துப் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு ஜோர்ஜ்டவுன் போய்விடுங்கள். 2022 டிசம்பரில் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்சலின் கையேடே பினாங்குக்கு வந்துவிட்டது. பாயான் பாருவில் என்ன இருக்கிறது, பொட்டலச் சோறும் பிரியாணி என்ற பெயரில் மஞ்சள் சாதமும்.


தீவுக்காரன்

பூனை, மிச்சலின் வந்த பிறகு ஜோர்ஜ்டவுனில் ஒரு தட்டு மீக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்கிறார்கள். வரிசையில் பாதிப் பேர் கையில் பயணப்பெட்டி. அவர்கள் நிற்கட்டும். அறுபது வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போய், கார் நிறுத்த இடமில்லாமல் மூன்று சுற்று சுற்றினால் தெரியும்.


ஜெலுத்தோங்_அக்கா

மலர், அம்மாவின் சைவ நாளுக்கு நான் பொறுப்பு. சீன சைவக் கடை என்று ஒரு பெரிய உலகமே இருக்கிறது, நம் ஆட்கள் ஏனோ அதைக் கண்டுகொள்வதில்லை. பலகையில் 素食 என்று இரண்டு எழுத்து இருக்கும். அந்த இரண்டு எழுத்தின் வடிவத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் போகும்போது தானாகக் கண்ணில் படும். பெரும்பாலும் எகனாமி ரைஸ் முறைதான்: வரிசையாகத் தட்டுகள், நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டு காட்ட வேண்டும், ஆன்ட்டி ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று முப்பது வருடமாக எனக்குப் புரியவில்லை, ஆனால் தப்பியதில்லை.

கட்டுப்பாடாக நடத்தும் இடத்தில் வெங்காயம், பூண்டும் கிடையாது. நம் அம்மாக்களின் விரதத்தைவிடக் கடுமை. சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த "மீன்", "கோழி", "சார் சியூ" (சுட்ட பன்றி) எல்லாம் வரும். உங்கள் அம்மாவுக்குப் பெயரைச் சொல்லாமல் கொடுங்கள். என் மாமியாருக்கு முதல் தடவை அந்தக் கடற்பாசித் தோல் ஒட்டிய "மீனை" வைத்தபோது எழுந்தே போய்விட்டார். சில போலி இறைச்சியில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கோப்பிக் கடைகளிலும் சீன மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் சைவத் தட்டுகள் கூடும். அப்புறம் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் சாமித் திருவிழா. தீவு முழுக்க மஞ்சள் கொடி. எங்கெங்கோ இருந்து சைவ ஒட்டுக்கடைகள் முளைக்கும், சார் குவே தியாவ் வரைக்கும் சைவத்தில். அது பல வருடங்களில் நம் நவராத்திரியோடு அப்படியே சேர்ந்து வரும். 2023-இல் இரண்டும் அக்டோபர் 15, 2024-இல் இரண்டும் அக்டோபர் 3. புரட்டாசியில் என்ன சமைப்பது என்று நான் அந்த இரண்டு வருடமும் யோசிக்கவே இல்லை. 2025-இல் மட்டும் சீன நாட்காட்டியில் ஒரு மாதம் கூடிப்போனதால் தீபாவளிக்கு மறுநாள்தான் ஆரம்பித்தது. முறுக்கைத் தின்றுவிட்டு மறுபடியும் சைவக் கடை.

ஹொக்கியன் சீன மொழியில் இரண்டு சொல் கற்றுக்கொள்ளுங்கள். "ஜியாக் சாய்" என்றால் சைவம் சாப்பிடுகிறேன். "போ கூ பா" என்றால் மாட்டிறைச்சி இல்லாமல். இந்தப் "போ" இல்லை என்று பொருள், உங்களைத் துரத்துவதாக நினைத்து எழுந்து வந்துவிடாதீர்கள்.


மலர்_பட்டாணி

அக்கா, "போ" என்றதும் சிரித்துவிட்டேன். ஒரு சந்தேகம். போன வாரம் பாசார் பக்கம் சீ சியோங் ஃபன் வாங்கினேன். வெறும் அரிசி மாவுச் சுருள், மேலே கறுப்புக் குழம்பும் எள்ளும். சைவம்தானே?


ஜெலுத்தோங்_அக்கா

இல்லை! பினாங்கு சீ சியோங் ஃபனில் அந்தக் கறுப்பு, ஹேகோ. இறால் பசை. ரோஜாக்கிலும் அதுதான். பார்க்கப் பழக்கலவை, அடியில் இறால். காங்கோங் கீரையும் அப்படியே, கேட்காவிட்டால் பெலாச்சான் (இறால் விழுது) போட்டு வதக்கிவிடுவார்கள். "பூண்டு மட்டும்" என்று சொல்லுங்கள்.


மாமாக்_மகன்

எங்கள் அத்தா தலைமுறை வரை நாசி கண்டார் (சோறும் கறியும் விற்பது) தான் குடும்பத் தொழில். ஆகவே இது என் பாடம். தோழியின் பக்கம் நான் பேசுகிறேன்.

"பன்றி இல்லை, கொழுப்பு இல்லை" என்று அட்டை எழுதி வைத்திருப்பது ஹலால் ஆகாது. சமையல் ஒயின் இருக்கும், கோழி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அரசின் ஜாக்கிம் ஹலால் முத்திரை இருந்தால் பேச்சில்லை. முத்திரை இல்லாத சீன சைவக் கடைக்கு எங்கள் வீட்டிலேயே சிலர் போவார்கள், சிலர் போக மாட்டார்கள். அது தோழியின் விருப்பம், அவளுக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் மூன்று பேருக்கும் பொதுவான கடை இருக்கிறது. தொம்யாம் (தாய்லாந்துப் புளிக்காரச் சூப்) கடை. தெற்குத் தாய்லாந்து, கிளந்தான் பக்கத்து முஸ்லிம்கள் நடத்துவது. மாலையில் திறந்து நள்ளிரவு வரை ஓடும், ஒவ்வொரு தாமானிலும் (குடியிருப்பு) ஒன்று இருக்கும். மீன், சோத்தோங் (கணவாய்), கோழி என்று தனித்தனியாக ஒவ்வொரு தட்டும் சமைப்பதால் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லலாம். ஒரே எச்சரிக்கை: பட்டியலில் "டாகிங்" என்று மட்டும் போட்டிருந்தால் அது மாடு. "டாகிங் மேரா"வும் மாடு. தொம்யாமைத் தெளிவு, சிவப்பு என்று இரண்டு விதமாக வைப்பார்கள். முதல் தடவை "தொம்யாம் ஆயாம் (கோழி), தெளிவு" என்று சொல்லிப் பாருங்கள், சமையல்காரர் கை அதில் தெரிந்துவிடும். சிவப்பில் பசையை அள்ளிப் போட்டு எதையும் மறைக்கலாம். தெளிவில் எலுமிச்சைப் புல்லும் லெங்குவாஸும் (பேரரத்தை) புளிப்பும் சரியாக நிற்க வேண்டும்.

மீன் சாஸ் எல்லாவற்றிலும் இருக்கும். அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு இது ஆகாது.


சென்னை_டூ_பாயான்

பாய், ஒரே வாணலியில்தானே மாடும் கோழியும் போடுவார்கள்?


கரையோரன்

சென்னைக்காரரே, இங்கே "பாய்" என்றால் ஆட்கள் சீக்கியரைத்தான் தேடுவார்கள். "அண்ணே" போதும்.


மாமாக்_மகன்

வாணலி ஒன்றுதான், ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். அது போதுமா என்பதை மலரின் அம்மாதான் சொல்ல வேண்டும்.


சாம்பல்_பூனை

இன்னொன்று. இந்த நாட்டில் விற்கும் மலிவு "டாகிங்" பெரும்பாலும் இந்தியாவிலிருந்து உறைய வைத்து வரும் எருமை இறைச்சி. பசு இல்லை. அப்புறம் என்ன பிரச்சினை? எருமை எமனுடைய வாகனம்தானே.


ஜெலுத்தோங்_அக்கா

பூனை, அதை அவர் அம்மாவிடம் போய் நேரில் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.


தீவுக்காரன்

இறக்குமதி விஷயம் உண்மைதான், எருமை ஏராளமாக வருகிறது. ஆனால் நாம் மாடு தின்பதில்லை என்று சொல்லும்போது எங்கள் பாட்டி விலங்கியல் பார்த்துச் சொல்லவில்லை. வீட்டுப் பழக்கம் வீட்டுப் பழக்கம்தான்.


சென்னை_டூ_பாயான்

எருமை என்றதும் ஞாபகம் வந்தது. பாயான் லெப்பாஸ் பக்கம் நேப்பாளிகள் நடத்தும் கடைகள் பெரும்பாலும் மாடியில், படிக்கட்டில் ஏறிப் போக வேண்டும், பலகை சின்னதாக இருக்கும். தொழிற்சாலைப் பையன்களும் காவலாளிகளும் சாப்பிடும் இடம். பசு மாடு அங்கே பார்த்ததில்லை, ஆனால் "பஃப் மொமோ" (மொமோ என்றால் உள்ளே பூரணம் வைத்து அவித்த கொழுக்கட்டை) என்று இருந்தால் அது எருமை. நான் அதைக் "பஃப்" என்றால் பப்ஸ் போல ஏதோ என்று நினைத்து வாங்கிவிட்டேன். கோழி மொமோ என்று தெளிவாகக் கேளுங்கள். தக்காளியும் வறுத்த எள்ளும் அரைத்த அந்த அச்சார் இருக்கிறதே, நம்ம ஊர்த் தக்காளித் துவையலுக்குத் தூரத்துச் சித்தப்பா பெண். பருப்பு, சோறு, கீரை, ஊறுகாய் என்று தால் பாத் தட்டும் உண்டு. சோறும் பருப்பும் காலியானால் மறுபடி மறுபடி கொண்டுவந்து வைப்பார்கள். அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கே ஆகும், நெய்யா எண்ணெயா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பர்மாவும் சொல்கிறேன். நான் வளர்ந்தது வடசென்னை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் பாரிமுனைப் பக்கம் கொண்டுவந்த அத்தோ எங்களுக்கு மாலைச் சிற்றுண்டி. மீயில் முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் புளியும் போட்டுக் கையாலேயே பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப். இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்மியர் கூடும் ஒரு பழைய காம்ப்ளெக்சின் பின்பக்கக் கடையில் மோஹிங்கா கேட்டு வாங்கினேன். கெளுத்தி மீனும் எலுமிச்சைப் புல்லும் போட்டுக் கொதித்த கெட்டிச் சாறு, அரிசி மீ, அதற்குள் மெல்லிய வட்டமாக நறுக்கிய வாழைத்தண்டு. முதல் வாயிலேயே பாரிமுனை. கடைக்கார அம்மாவிடம் தமிழில் "வாழைத்தண்டா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன், அவர் புரிந்த மாதிரி தலையாட்டினார். சமோசாவை வெட்டிப்போட்டுப் பிசைந்து ஒரு சாலட் தந்தார், அதன் பெயரே சமூசா தோக். பராட்டாவை அவர்கள் "பலாத்தா" என்கிறார்கள். எங்கிருந்து போனது என்று சொல்ல வேண்டுமா!

மாட்டைத் தவிர்ப்பது பர்மியர்களிலும் நிறைய உண்டு. இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.


கிளீன்ரூம்_காரன்

ஜப்பான், கொரியாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் நாலு வருடம் ஜப்பானில் வேலை பார்த்தவன். ஒரே வரி: ஜப்பானியச் சாப்பாட்டில் சைவம் என்று நினைப்பதில் பாதி மீன். மிசோ சூப், பொரித்த தோஃபுவின் மேல் ஊற்றும் குழம்பு, ஊடோன் சாறு எல்லாவற்றுக்கும் அடி தாஷி, அதாவது உலர்த்திச் சீவிய மீனும் கடற்பாசியும். கொரியாவில் கிம்ச்சியிலேயே உப்பிட்ட இறாலும் மீன் சாறும் போகும். பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) இறைச்சி இல்லாமல் தரச் சொல்லலாம், ஆனால் மேலே வைக்கும் சிவப்புப் பசையைச் சில கடைகளில் கொத்திய மாட்டிறைச்சியோடு வதக்கி வைத்திருப்பார்கள். பசையைத் தனிக் கிண்ணத்தில் கேட்டுக் கண்ணால் பாருங்கள். வியட்நாம் ஃபோ மீயும் உங்கள் லான்சோ கதைதான், வழக்கமான சாறு மாட்டெலும்பு. "ஃபோ கா" என்றால் கோழி, ஆனால் சாறும் கோழிதானா என்று தனியாகக் கேளுங்கள். இந்தோனேசியர் கடையில் ஆயாம் பெஞேட் (பொரித்துத் தட்டிய கோழி) தாராளமாகச் சாப்பிடலாம், பக்சோ உருண்டை பெரும்பாலும் மாடு.

உண்மையைச் சொன்னால், இங்குள்ள ஜப்பானியக் கடைகளுக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். காசுக்கும் கேடு.


கரையோரன்

பத்து மாவுங்கிலிருந்து. மூன்று பேரும் ஒன்றாக உட்கார வேண்டுமென்றால் இக்கான் பக்கார். மலாய்க்காரர் கடை, வாழையிலையில் மீனைச் சுற்றிக் கல்லில் வைத்துச் சுடுவார்கள். ஹலால், மீன்தான், அம்மாவும் சாப்பிடலாம். தெலுக் கும்பார் பக்கம் கடலோரமாகப் போனால் இடம் நிறைய. மீனைத் தேர்ந்தெடுத்த பிறகு எடையையும் விலையையும் முதலிலேயே கேளுங்கள். கேட்காமல் உட்கார்ந்து ஒரு சிவப்பு மீனுக்கு நான் கொடுத்த காசை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள்.

தொட்டுக்கொள்ள ஆயர் ஆசாம் வரும். புளித் தண்ணீரில் வெங்காயம், மிளகாய், கொஞ்சம் பெலாச்சான்.


மலர்_பட்டாணி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள், ஆடிட் நேரம்.

தொம்யாம் கடைக்கு நாங்கள் மூன்று பேரும் தம்பியும் போனோம். "தெளிவு" கேட்டேன், அண்ணே. தோழி சிவப்புதான் நன்றாக இருக்கிறது என்று சண்டை. வாணலிக் கதையை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "கழுவினால் சரி. அன்றைக்கு என் வாயிலேயே போய்விட்டது, அதுதான்" என்றார். ஆக அது தீர்ந்தது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. தீவுக்காரன் அண்ணன் சொன்னபடி ஒரு புதன்கிழமை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டுக்குக் கீழேயே இருக்கிற கோப்பிக் கடையில் போய் நின்றேன். மூன்று மாதமாகக் கடந்து போன கடை. பின்னால், கேட்டதை அப்போதே சமைத்துத் தரும் ஒரு சூ சா அடுப்பு (கோலாலம்பூர்க்காரர்கள் தாய் சாவ் என்பார்கள்). கூகிளில் அதற்குப் பெயர்கூட இல்லை. ஏழு மேசை, ஆறில் தொழிற்சாலைச் சட்டை. அங்கிள் ஒருவர் ஒற்றைக் கையால் வாணலியைத் தூக்கிப்போட, தீ விளிம்பைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிறது. முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தட்டித் தட்டித் தீயைக் கூட்டிக் குறைக்கிறார். கைகள் இரண்டும் சமையலில், தீ மட்டும் முழங்காலில்.

ஆன்ட்டியிடம் போய் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்: "போ கூ பா." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தமிழில், "மாடு இல்லே. எப்பவும் இல்லே. பன்னி இருக்கு, வேணுமா?" என்றார். நான் நின்றது நின்றபடி. 1980-களில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து சிப்புக்குக் கம்பி இணைத்தவராம். வலப்பக்கம் ஒரு தமிழ்ப் பெண், இடப்பக்கம் ஒரு தமிழ்ப் பெண், பதினொரு வருடம். "மொதல்ல கெட்ட வார்த்தை, அப்புறம் சாப்பாடு" கற்றுக்கொண்டாராம்.

வேகவைத்த மீன் கேட்டேன். தியோச்சூ சீனர் முறை: உப்பில் ஊறிய கடுகுக் கீரை, தக்காளி, புளிப்புப் பிளம், இஞ்சி, தோஃபு. "கொழுப்பு போட மாட்டேன், ஒங்க அம்மாவுக்கு" என்று அவரே சொன்னார். அதில் பன்றிக்கொழுப்பு மெல்லிசாக நறுக்கிப் போடுவது உண்டாம், நானாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். வீட்டுக்கு தாப்பாவ் கட்டிக்கொண்டு போனேன். அம்மா அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றி, "ரசம் மாதிரி இருக்குடி" என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.


தீவுக்காரன்

அந்தக் காலத்து லைன் பெண்கள்! என் மனைவியும் அங்கேதான். ஆன்ட்டி எந்தத் தொழிற்சாலை என்று கேட்டீர்களா? மூக்கின் மேல் மச்சம் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், வீட்டில் ஒருத்தி இப்போதே குதிக்கிறாள்.


சாம்பல்_பூனை

சரி சரி, ஒப்புக்கொள்கிறேன், கடை எங்கே?


மலர்_பட்டாணி

பூனைக்குச் சொல்ல மாட்டேன், ஜோர்ஜ்டவுனில் போய் வரிசையில் நில்லுங்கள். மற்றவர்களுக்குத் தனிச்செய்தி.

அண்ணே, மூக்கில் மச்சம் இருக்கிறதா என்று எனக்குக் கவனமில்லை. முகக்கவசம் போட்டிருந்தார்.


மாமாக்_மகன்

ஒரு தகவலுக்காக. பினாங்கில் 2016 முதல் அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் முதன்மைச் சமையல்காரராக நிற்கக் கூடாது என்று மாநில அரசின் விதி இருக்கிறது, நம் உள்ளூர்ச் சாப்பாட்டின் சுவை மாறிவிடக் கூடாது என்று. அதனால் மாடியிலும் பின்பக்கத்திலும் தனிக் கடையாக இருக்கும் நேப்பாளி, பர்மியக் கடைகளைத் தேடித்தான் போக வேண்டும். கீழே ஒட்டுக்கடை வரிசையில் கண்ணில் படாது.


சென்னை_டூ_பாயான்

எங்கள் அத்தோக்காரர்களுக்கு அப்படி ஒரு விதி போட்டிருந்தால் நான் பட்டினி.


ஜெலுத்தோங்_அக்கா

மலர், அடுத்த வெள்ளி அம்மாவுக்கு எங்கே?


மலர்_பட்டாணி

நேப்பாளிக் கடைக்குப் படியேற அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆகவே தால் பாத் வீட்டுக்கு வந்தது. அம்மாவின் விமர்சனம்: பருப்பில் உப்புக் குறைவு, அச்சார் நன்று, கடையில் யாரோ சீரகம் தாளிக்கத் தெரிந்தவர் இருக்கிறார். இந்த வெள்ளி உங்கள் 素食 கடைக்குத்தான் போகிறோம். தோழியும் வருகிறாள், ஒயின் ஊற்றுவதில்லை என்று அவளே போன் போட்டு விசாரித்துவிட்டாள். மீன் என்ற பெயரைச் சொல்லாமல் கொடுப்பதா, சொல்லிவிடுவதா?


ஜெலுத்தோங்_அக்கா

சொல்லாதீர்கள். அப்புறம் நாட்காட்டி பார்த்தேன், வெள்ளி சீன மாதம் 15-ஆம் நாள். கூட்டம் இரண்டு மடங்கு இருக்கும். பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், பன்னிரண்டரைக்கு அந்த "மீன்" தீர்ந்துவிடும், மிச்சம் முட்டைக்கோசுதான்.


சாம்பல்_பூனை

எந்தக் கடை அக்கா?


ஜெலுத்தோங்_அக்கா

பலகையில் இரண்டு எழுத்து இருக்கும், பூனை. தேடு.